எதுவரைக்கும் ஆண்டவரே? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவர் ஓட்டிக்கொண்டிருந்த வேனை விற்றாயிற்று, என் நகை அடகில் இருக்கிறது, மூத்தவள் பிளஸ் டூ படிக்கிறாள். உபவாசம் இருந்தேன், பொருத்தனை பண்ணினேன், முழு இரவு ஜெபத்துக்கெல்லாம் போனேன். ஒன்றும் மாறவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "இந்த வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் கணவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11, உங்களைக் குறித்து நான் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்வது. சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. கர்த்தர் என்மேல் கோபமாக இருக்கிறாரா? நான் அவர்மேல் கோபப்படுவது பாவமா?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். நான்கு தடவையும் அந்த "அறிக்கையிடாத பாவம்" என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிறவியிலேயே கண் தெரியாத ஒருவரைப் பார்த்து சீஷர்கள் இயேசுவிடம் கேட்டதும் இதே கேள்விதான். இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? யோவான் 9-ஆம் அதிகாரம். இவனுமில்லை, இவனைப் பெற்றவர்களுமில்லை என்று சொல்லிவிட்டு, அவர் துப்பி, மண்ணைக் குழைத்து, அந்த மனிதனின் கண்ணில் பூசினார். லூக்கா 13-லும் அப்படித்தான். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போயிருந்தார்கள், எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். ஆண்டவர் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவர் கையில் வேதத்தை வைத்துக்கொண்டு நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பாவக்கணக்குக் கேட்கிறார் என்றால், எனக்கு அதைப் பொறுத்துக்கொள்ளவே கஷ்டமாக இருக்கிறது. சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும்பாலும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான் காரணம், எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இன்றைக்கு ராத்திரி உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து யோவான் 9-இன் முதல் ஏழு வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், அவருக்குப் புரியும்.

சரி, அடுத்தது உங்கள் கோபம்.

சொத்து, பிள்ளைகள், உடல் சுகம் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று முதல் அதிகாரத்தில் சொன்ன யோபுதான் நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் புஸ்தகத்தில் மொத்தம் 42 அதிகாரம் இருக்கிறது, தங்கச்சி. மூன்றாவது அதிகாரத்திலேயே அவர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அதற்குப் பிறகு கடவுளோடு வழக்காட வேண்டும், அவர் எங்கே இருக்கிறார், எனக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று பக்கம் பக்கமாகக் கத்துகிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று சிநேகிதரும் கடவுள் பக்கம் நின்று, மிகவும் பக்தியாக, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று வாதாடுகிறார்கள். முடிவில் கர்த்தருடைய கோபம் யார்மேல் வருகிறது? எலிப்பாசையும் மற்ற இருவரையும் பார்த்துத்தான், என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கத்தினவருக்குப் பாராட்டு, பக்தியாகப் பேசினவர்களுக்குக் கண்டிப்பு. அந்த மூன்று பேருக்காக யோபு ஜெபிக்க வேண்டும், அப்போதுதான் அவர்களுக்கு மன்னிப்பு என்றும் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுக்கு வந்தவர் இந்த 42-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்திருந்தால் உங்கள் கணவர் இன்றைக்கு உங்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

சங்கீதப் புஸ்தகத்தை எடுங்கள். 150 சங்கீதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13-ஆம் சங்கீதம் எடுத்த எடுப்பிலேயே, கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்றுதான் தொடங்குகிறது. தாவீது கேட்ட கேள்வி அது. அதிலாவது கடைசியில் கொஞ்சம் வெளிச்சம் வரும், 88-ஆம் சங்கீதத்தில் அதுவும் கிடையாது. சிநேகிதரையும் தூரமாக்கிவிட்டீர், தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துபோகிறது. ஸ்தோத்திரம் என்ற ஒரு வார்த்தையைக் கடைசியில் ஒட்டிவைக்காமல் அதை அப்படியே வேதத்தில் சேர்த்திருக்கிறார்களே, அது எனக்கு எத்தனையோ ராத்திரிகளில் ஆறுதலாக இருந்திருக்கிறது. சிலுவையில் தொங்கினவரே, என்னை ஏன் கைவிட்டீர் என்று 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் சத்தமாகச் சொன்னார். வேறு யாரிடமும் போய்ப் புறணி பேசாமல் நேராகக் கடவுள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள் பாருங்கள், அதுதான் இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது. நீங்களும் அவர் இருக்கிறார், கேட்கிறார் என்று நம்புவதால்தான் அவர்மேல் கோபப்படுகிறீர்கள். இல்லாதவர்மேல் யாராவது கோபப்படுவார்களா?

வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வரவேண்டாம். ரோமர் 8:26-ல் பவுல் எழுதியிருப்பதைப் பாருங்கள், என்ன வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறாராம். டயாலிசிஸ் வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து நீங்கள் விடும் பெருமூச்சு இருக்கிறதே, அதை ஜெபம் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு 52 வயதில் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார். சபை ஊழியம் செய்துகொண்டிருந்தவர், குரல் போய்விட்டது. எங்களுக்காக ஜெபிக்காத ஊர் இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை, இறந்துபோனார். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் ஜெபிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவேன், ஆயர் வீட்டம்மா வரவில்லை என்றால் ஊர் பேசுமே என்று போவேன், கடைசி வரிசையில் பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஒரு வயதான ஆச்சி உட்காருவார்கள், பீடி சுற்றிப் பிழைத்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாது, பாட்டெல்லாம் மனப்பாடம். ஒரு நாள் என் மடியில் மூடிக் கிடந்த புஸ்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீ பாடாட்டா என்ன தாயி, உனக்கும் சேத்து நான் பாடுதேன்" என்றார்கள். சொன்னபடியே அந்த எட்டு மாதமும் தொண்டை கிழியப் பாடினார்கள். எனக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரரை, அதாவது உடம்பு முடங்கிப்போனவரை, நான்கு பேர் கட்டிலோடு தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அந்த இடத்தை நான் அப்புறம்தான் சரியாக வாசித்தேன். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. படுத்திருந்தவர் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசினதாக எழுதியில்லை. தூக்கினவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்தே ஆண்டவர் பேச ஆரம்பித்துவிட்டார். நம்முடைய பிரசங்கங்களில் விசுவாசம் என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக உடம்பை முறுக்கித் தூக்கவேண்டிய பாறாங்கல் மாதிரி ஆகிவிட்டது, தூக்க முடியாதவர்களை விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுகிறோம். உங்களால் இப்போது முடியவில்லையா, விட்டுவிடுங்கள். நான்கு பேரைத் தேடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லாரிடமும் சொல்ல வேண்டாம், வாயை அடக்கத் தெரிந்த இரண்டு பேர் போதும், மூன்றாவதாக உங்கள் மூத்த மகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான்காவது நான்.

அந்தச் சுவர் வசனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எரேமியா 29:11-ஐத் தீர்க்கதரிசி எரேமியா யாருக்கு எழுதினார் தெரியுமா? சொந்த ஊரை இழந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்ட ஜனங்களுக்கு. அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பி ஊரைப் பார்த்திருக்கவே முடியாது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற ஒருவர் அதே சமயத்தில் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தார், முந்தின அதிகாரத்தில் இருக்கிறது, எரேமியா அது பொய் என்றார். அதே 29-ஆம் அதிகாரத்தில், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுக் கனியைச் சாப்பிடுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து பூப்படத்தின் மேல் அச்சடித்து டிசம்பர் 31 ராத்திரி எல்லார் கையிலும் கொடுக்கும்போது, ஜனவரியிலேயே நடந்துவிடும் போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. உங்களுக்குக் கோபம் வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அட்டையைக் கிழிக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு தாளில் ஐந்தாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள், மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். நீண்ட நாள் ஆகலாம், ஆகிற நாளில் சாப்பிடுங்கள், பிள்ளையைப் படிக்க வையுங்கள், உங்களை நான் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கடிதத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

பணத்தைப் பற்றி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். டயாலிசிஸும் அதில் வருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேளுங்கள். வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ் அவருக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அரசுப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். நகையை மீட்பதற்காக இன்னொரு வட்டிக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று, தூங்குங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது அனுப்பப்பட்ட தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். முழு இரவு ஜெபத்துக்கு இப்போது போகாதீர்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. மனச்சோர்வுக்கு ஒரு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது பரவாயில்லை. நான் போகும் ஜெபக்கூட்டத்தில், முழு விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாட்சி சொல் என்கிறார்கள். மாத்திரை சாப்பிடுவது கடவுளை நம்பாததற்கு அடையாளமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நிறுத்தாதே தம்பி. அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கும் மனசுக்கும் கெடுதல். குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் எழுதிக்கொடுத்த டாக்டர்தான் சொல்லவேண்டும். எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு என்று வாக்குக் கொடுத்த பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு உபவாசம் இருக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடி என்று எழுதினார். அவரோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியர். அந்தப் பவுலே தன் மாம்சத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன தீராத வேதனையை எடுக்கும்படி மூன்று தடவை கேட்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலோடு அந்த முள்ளையும் வைத்துக்கொண்டுதான் ஊழியம் செய்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்வார்களா?

எங்கள் பக்கத்து டோனாவூருக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும் வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார்கள், வலியோடு. அந்த வளாகத்தில் அவர்களை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? சுகம் வரவில்லை. படுக்கையிலிருந்தே எழுதினார்கள், வந்தவர்களோடு பேசினார்கள். சின்ன வயதில் எங்கள் அப்பா அங்கே கூட்டிப்போய், அந்த அம்மாவின் கல்லறையில் கல்லுக்குப் பதிலாகக் குருவிகள் தண்ணீர் குடிக்க வைத்திருக்கும் தொட்டியைக் காட்டினார். சுகமானவர்கள் மட்டும்தான் சாட்சி சொல்லலாம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொட்டி ஞாபகம் வரும்.

நீ சாட்சி சொல்ல ஆசைப்பட்டால், மாத்திரை சாப்பிடுகிறேன், தூக்கம் வருகிறது, வேலைக்குப் போகிறேன், ஆண்டவருக்கு நன்றி என்று சொல். அதே கூட்டத்தில் ரகசியமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மூச்சு வரும்.

கேள்வி: என் தோழியின் கைக்குழந்தை இறந்து இரண்டு வாரம் ஆகிறது. என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்று தெரியாமல் இன்னும் போகவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: இன்றைக்கே போம்மா. தேவன் தம் தோட்டத்துக்குப் பூப் பறித்துக்கொண்டார், உனக்கு இன்னொன்று தருவார், எல்லாம் நன்மைக்கே, இதில் ஒன்றைக்கூடச் சொல்லாதே. யோபுவின் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், முதல் ஏழு நாள் ராவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த இயேசுவே முதலில் கண்ணீர் விட்டார். சோறு கொண்டு போ, பாத்திரம் கிடந்தால் கழுவு, குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேச அவள் விரும்பினால் நீயும் பெயரைச் சொல்லிப் பேசு. பால் கட்டிக்கொண்டு வேதனைப்படுகிறாளா என்று கேள், இதை ஆண்களுக்குக் கேட்கத் தோன்றாது.

கேள்வி: அக்கா, நாங்கள் கத்தோலிக்கர், ஆனாலும் உங்கள் பகுதியை வாசிப்பேன். 2017-ல் ஒக்கி புயலின்போது கடலில் இருந்த என் கணவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நிவாரணம் கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், பூசையும் வைத்தாயிற்று. ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். நான் எங்கே போய் மெழுகுவத்தி ஏற்றுவது? இன்னும் எதிர்பார்ப்பது விசுவாசமா, பைத்தியமா?
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை

பதில்: அன்புள்ள தங்கைக்கு, இது பைத்தியம் இல்லை. உடலைப் பார்க்காத மனசு அப்படித்தான் எழுந்து எழுந்து வாசலுக்குப் போகும். மண் போட்டு, ஒரு பிடி பூப் போட்டுத் திரும்பி வந்தவர்களுக்கே இறப்பை நம்புவதற்கு வருஷக்கணக்காகிறது, உங்களுக்கு ஒரு காகிதம்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த நவம்பர் கடைசியில் புயல் எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேரும் முன்பே காற்று வந்துவிட்டது, அதற்கு மனிதர்கள் பதில் சொல்லவேண்டும். கடவுள் சித்தம் என்று யாராவது அதை மூடிப்பேசினால் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது யோவான் 20-ஆம் அதிகாரம் ஒன்றுதான். மகதலேனா மரியாள் அன்று காலையில் எதற்காக அழுதார்? ஆண்டவர் இறந்ததற்கு ஏற்கெனவே அழுதாயிற்று. அன்றைக்கு அழுதது உடலைக் காணவில்லை என்று. என் ஆண்டவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை என்று தூதர்களிடம் சொன்னார், தோட்டக்காரர் என்று நினைத்தவரிடமும் அதையே சொன்னார். சீடர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், அந்த அம்மா மட்டும் போகாமல் அழுதுகொண்டு அங்கேயே நின்றார். உயிர்த்தெழுந்தவர் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவரைத்தான். உங்கள் கணவர் நடந்து வருவார் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன், அது உங்களை ஏமாற்றுவதாகும். உடலைக் காணாமல் அழுகிற பெண்ணின் பக்கத்தில் வந்து நிற்பது அவருக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மெழுகுவத்தியைக் கடற்கரையிலேயே ஏற்றுங்கள். உங்களைப் போல உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் மற்றப் பெண்களையும் கூப்பிடுங்கள், பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் கல்லறை மந்திரிப்பு (ஆசீர்வாதம்) முடிந்ததும் கரைக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போகக் கேட்கலாம். காற்று அடிக்கும், கண்ணாடிக் கூண்டு வைத்த விளக்காக எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் சபைக்கும் எங்கள் சபைக்கும் வழக்கம் வேறு, நாங்கள் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை, ஆனால் உங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்போம். அவர் பெயரையும் படகின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஆச்சி இருந்த அந்தக் கடைசி வரிசையில்தான் இப்போதும் உட்காருகிறேன், நவம்பர் 2 அன்று அங்கிருந்து அந்தப் பெயர்களைச் சொல்வேன்.